மூன்று மாதப் பயணம், ஒரே பை: வயதானவர்கள் எடை குறைத்துக் கிளம்ப ஒரு வழிகாட்டி

இரண்டு மூன்று மாதம் வெளியில் இருக்கப் போகிறோம் என்றதுமே கை பரணில் இருக்கும் பெரிய பெட்டியைத் தேடிப் போகும். எனக்கும் அப்படித்தான். 63 வயதில் முதல்முறை நீண்ட பயணம் கிளம்பியபோது 22 கிலோவில் ஒரு பெட்டி, அது போதாதென்று தோளில் ஒரு பை. நான்காம் நாள் ஒரு ரயில் நிலையத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பெட்டியை நானே நாலு படி ஏற்றினேன். ஐந்தாவது படியில் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். அந்த நாலு படிக்கு என் வலது தோள் இரண்டு மாதம் வலித்தது. தலை வார, சட்டைக்குள் கையை நுழைக்க, எல்லாவற்றுக்கும் இடது கைதான். பார்க்க நினைத்த இடங்களில் பாதிக்கு நான் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். போன முறை 11 வாரப் பயணத்துக்கு, மருந்தெல்லாம் சேர்த்து, பையின் எடை 6 கிலோ 400 கிராம். எது இல்லை என்றும் திண்டாடவில்லை. முதல்முறை கிளம்புகிறவர்களை மனதில் வைத்து, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எடை, அப்புறம்தான் சாமான்

எல்லாச் சாமானையும் அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில் எடை பார்ப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் உடம்பு எவ்வளவு தூக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கொண்டு போக நினைக்கும் பையில் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் நான்கை வையுங்கள். காலையில் வேண்டாம், சாயங்காலம், உடம்பு களைத்திருக்கும் நேரத்தில், அந்தப் பையோடு ஒரு மாடி ஏறுங்கள். ஏறியதும் பையைத் தோள் உயரத்துக்கு ஒருமுறை தூக்குங்கள். ரயிலிலும் விமானத்திலும் மேல் தட்டில் வைக்க வேண்டுமென்றால் அவ்வளவாவது தூக்க வேண்டியிருக்கும். நடுவில் நிற்காமல், மூச்சு வாங்காமல் முடிந்ததா? அடுத்த நாள் இன்னொரு பாட்டில் சேர்த்துப் பாருங்கள். சிரமம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு பாட்டிலைக் குறைத்துவிடுங்கள். மிஞ்சிய பாட்டில்களின் எண்ணிக்கையோடு காலிப் பையின் எடையையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் கிலோ கணக்கு. இதய நோய், எலும்பு பலவீனம், குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால், இந்தச் சோதனைக்கே டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இதன் பிறகுதான் விமான நிறுவனத்தின் கணக்கு. கையோடு எடுத்துப் போகும் பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோ வைத்திருக்கின்றன. 8, 10 என்று தருபவையும் உண்டு. அளவில் 55 × 40 × 20 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. டிக்கெட் எடுத்ததும் அந்த நிறுவனத்தின் எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு கணக்கில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

பை

காலிப் பையை எடை போட்டுப் பார்த்தீர்களா? சக்கரம், இழுக்கும் கம்பி, கெட்டியான ஓடு எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன சூட்கேஸே இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். 7 கிலோவில் 3 கிலோ பெட்டிக்கே போனால் உங்களுக்கு மிஞ்சுவது 4 கிலோ. 35 லிட்டர் முதுகுப் பை ஒன்று ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக்குள் கிடைக்கும். அந்த வித்தியாசத்தில் உங்கள் துணிமணியில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

முதுகும் முழங்காலும் ஒத்துழைத்தால் நான் முதுகுப் பைதான் சொல்வேன். ஆனால் இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டினால் பாரத்தின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். முதுகு ஒத்துழைக்காதவர்களுக்குத் துணியால் ஆன, இரண்டு கிலோவுக்குக் குறைந்த சக்கரப் பை. நாலு சக்கரம் வழவழப்பான தரையில் சுகமாக ஓடும், சரிவில் தானாகவும் ஓடும். கல் பதித்த தெருவுக்குப் பெரிய சக்கரம் இரண்டு உள்ளதே நல்லது. ஒற்றைத் தோளில் மாட்டும் பை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். மேல் வாயில் மட்டும் திறக்கும் பையில் அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும். புத்தகம் மாதிரி விரியும் பை நல்லது. உள்துணி வெளிர் நிறத்தில் இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் சாமான் கண்ணுக்குத் தெரியும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் ஒவ்வொரு ஜிப்பிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்று வளையம் கட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்து மூடும்போது அதன் அருமை தெரியும்.

மருந்துக்கு முதல் இடம்

எதைக் குறைத்தாலும் மருந்தைக் குறைக்க முடியாது. ஆகவே பையில் முதலில் போக வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் அது விட்டுக்கொடுத்த இடத்தில்.

ஒரு நாளைக்கு நாலு மாத்திரை என்றால் 90 நாளுக்கு 360. அதோடு பத்து நாளுக்கு உபரி. கட்டிலில் பரப்பி வைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தக் குவியலில் பெரும்பாலும் காற்றும் காகிதமும்தான். வெளிப்பெட்டியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, குமிழ்கள் எதிரெதிரே பொருந்துகிற மாதிரி அடுக்கி, ரப்பர் பேண்ட் போடுங்கள். வெளிப்பெட்டியைத் தட்டையாக மடித்து அதே ரப்பர் பேண்டுக்குள் செருகுங்கள். மருந்துக்கடைச் சீட்டில் உங்கள் பெயர் இருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். இடம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாத்திரையை எடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனையைக் கடைசிக்கு விடுங்கள். எல்லா மாத்திரையையும் உதிர்த்து ஒரே டப்பாவில் கொட்டும் வேலை மட்டும் கூடாது. சுங்கத்தில் எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு நாள் மாத்திரை டப்பா ஒன்று, அந்த வாரத்துக்கு மட்டும், போதும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அந்த டப்பாவிலும் போடாதீர்கள். அது தன் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் வீரியம் போய்விடும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் அதில் இருக்க வேண்டும். மூலப்பெயரே மாறுவதும் உண்டு: பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபூரைடு. கடிதத்தின் ஒரு பிரதி மருந்தோடு, ஒன்று பாஸ்போர்ட்டோடு, ஒரு படம் போனில்.

வலி, தூக்கம், பதற்றம் இவற்றுக்கான வீரியமான மருந்து எடுப்பவர்கள் போகும் நாட்டின் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இவற்றை மட்டும் வெளிப்பெட்டியோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஜப்பானுக்குள் டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டு போக முன் அனுமதி வேண்டும். சளிக்கான சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே கொண்டு போகவே கூடாது.

இன்சுலினை விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே உறைந்துவிடக்கூடும்; ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்ததில் பெரும்பாலான வகைகள் அறைச் சூட்டில் சுமார் 28 நாள் தாங்கும். உங்களுடையதன் சீட்டைப் படித்துவிடுங்கள். வழியில் வெயிலிலிருந்து காப்பாற்ற, தண்ணீரில் நனைத்தாலே குளிர்ச்சி தரும் துணிப்பை கிடைக்கிறது. ஐஸ் கட்டியின் பாரமும் இல்லை, உறையும் பயமும் இல்லை. சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பட்டைகளை முழுப் பயணத்துக்கும் கணக்கிட்டு எடுங்கள், உங்கள் கருவிக்குப் பொருந்துவது அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. அங்குள்ள கருவி 7 என்றோ 10 என்றோ காட்டினால் பதற வேண்டாம், அது மில்லிமோல் அளவு. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் அளவு வரும்.

இவை எல்லாவற்றையும் தனியாக ஒரு சின்ன உறைப்பையில் போட்டு, பையின் மேல்பகுதியில், ஒரே இழுப்பில் வெளியே வருகிற மாதிரி வையுங்கள். காரணம் இருக்கிறது. விமானம் நிரம்பிவிட்டால் கடைசி நேரத்தில் வாசலில் வைத்து நம் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் முறை வரிசையை நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, மருந்தைத் தேடி எடுத்தேன். இரண்டாம் முறை மூன்று விநாடிகூட ஆகவில்லை. பவர் பேங்கும் அதே உறைப்பையில் இருக்கட்டும், அதைச் சரக்கறையில் வைக்கவே கூடாது என்பது விதி.

ஜோடியாகப் போகிறவர்கள் நகம் வெட்டி, சார்ஜர், பற்பசை எல்லாம் ஒன்றே வைத்துக்கொள்ளலாம். மருந்தை மட்டும் பாதி பாதியாகப் பிரித்து இருவர் பையிலும் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் ஒரு மாதம் ஓட்டலாம்.

கண், காது, கால்

மூக்குக்கண்ணாடி இரண்டு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், பழைய கண்ணாடியானாலும் பரவாயில்லை. கண்ணாடியின் பவர் எழுதிய சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். செவிக்கருவிக்குப் பட்டன் பேட்டரி என்றால் போதுமானதை எடுத்துப் போங்கள், எடை ஒன்றும் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்ததுமே அது தீர ஆரம்பித்துவிடும், ஆகவே தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். கைத்தடி வேண்டியவர்கள் மடக்கும் தடி, முனையில் ரப்பர் உள்ளதாக. கூர்முனை உள்ள மலையேற்றத் தடியைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடலாம்.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்குக் கருவி பயன்படுத்துகிறவர்கள் பையின் எடையில் அதைச் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம். மருத்துவக் கருவியைப் பல நிறுவனங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, முன்கூட்டிச் சொன்னால் போதும்.

30 கிராமில் ஒரு சின்ன டார்ச். புது அறையில் நடுராத்திரி பாத்ரூம் போக எழும்போதுதான் விழுகிறோம். தலையணை அருகில் அது இருக்க வேண்டும்.

சிறுநீர்க் கசிவுக்குப் பேட் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, பெட்டி முழுக்க அதையே நிரப்பிக்கொண்டு போவார்கள். மூன்று நாளுக்கு மட்டும் எடுங்கள். ஓரளவு பெரிய ஊர் எதிலும் மருந்துக்கடையில் கிடைக்கும்.

துணி

எத்தனை மாதம் போனாலும் துணி ஒரே அளவுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை துவைக்கப் போகிறோம் என்பதால் மூன்று மாதத்துக்கும் மூன்று வாரத்துக்கும் வித்தியாசம் இல்லை. உடுத்திக்கொண்டு போவதையும் சேர்த்து மேலாடை நாலு, கீழாடை இரண்டு, உள்ளாடை நாலு செட், காலுறை மூன்று ஜோடி, இரவுக்கு ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் நிறத்தில் இருக்கட்டும். கனத்த ஜீன்ஸ் ஒன்று மட்டும் முக்கால் கிலோ வரை வரும், நனைந்தால் காயவும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதை வீட்டில் விடுங்கள். பருத்தி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் கலந்ததும் மெல்லிய மெரினோ கம்பளியும் சீக்கிரம் காயும். மெரினோவில் வியர்வை வாடையும் எளிதில் தங்காது.

குளிருக்கானதை மட்டும் குறைக்காதீர்கள். வயதாக ஆக உடம்பு சூட்டைத் தக்கவைக்கும் திறன் குறையும். வெயில் நாட்டுக்குப் போனாலும் ராத்திரிப் பஸ்ஸின் ஏசியில் நடுங்குவோம். கனமான ஒரு கோட்டுக்குப் பதில் உள்ளே ஒட்டி அணியும் மெல்லிய வெப்ப ஆடை, அதன் மேல் ஒரு லேசான இறகு ஜாக்கெட் அல்லது ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை நூல் ஆடை), எல்லாவற்றுக்கும் மேல் மழை புகாத மெல்லிய மேலங்கி. மூன்றும் சேர்ந்து ஒரு கிலோ அளவில் முடித்துவிடலாம்.

காலணி இரண்டு ஜோடி மட்டும். கனமானதைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இரண்டாவது, பின்பக்கம் வார் உள்ள, ஈரத்தில் வழுக்காத லேசான செருப்பு, பாத்ரூமுக்கும் அதுவே. புது ஷூவோடு கிளம்பாதீர்கள், குறைந்தது மூன்று வாரமாவது வீட்டில் பழகியிருக்க வேண்டும். வாங்குவதைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அழுத்தக் காலுறை தேவையா என்று டாக்டரைக் கேட்டு, காலை அளந்தே வாங்குங்கள். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல்.

துவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சிரிக்காதீர்கள், இதுதான் முழுத் திட்டத்தின் அச்சாணி. வாஷ்பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, கட்டிச் சோப்பில் கொஞ்சம் கரைத்து, சட்டையைப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். கழுத்தும் கக்கமும் மட்டும் கசக்கினால் போதும். இரண்டு முறை அலசுங்கள். இப்போது முறுக்கிப் பிழியாதீர்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அதுதான் கஷ்டம். அறையில் தரும் காய்ந்த குளியல் துண்டைக் கட்டிலில் விரித்து, அதன் மேல் சட்டையை விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாயைப் போலச் சுருட்டுங்கள். சுருளைத் தரையில் போட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே காலால் அழுத்துங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். பிரித்தால் சட்டை லேசான ஈரத்தோடு வரும். இரவு எட்டு மணிக்குக் காயப் போட்டதை நான் காலை ஏழு மணிக்கு உடுத்தியிருக்கிறேன். தட்டையான ரப்பர் மூடி ஒன்றும் மூன்று மீட்டர் நைலான் கயிறும் எடுத்துப் போங்கள், பல பேசின்களில் அடைப்பான் இருக்காது.

மீதிச் சின்னச் சாமான்கள்

குளியல் சோப்பு, துணி சோப்பு, ஷாம்பு மூன்றும் கட்டியாக இருந்தால் திரவ விதி தொடாது, சிந்தவும் சிந்தாது. மற்ற திரவங்கள் 100 மில்லிக்குள். 2006 முதல் இருக்கும் இந்த விதியைச் சில விமான நிலையங்கள் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் நிலையம் தளர்த்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

பவர் பேங்க் 10,000 மில்லி ஆம்பியர் மணி போதும், சுமார் 200 கிராம். 100 வாட் மணி (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர் மணிகூட 74 வாட் மணிதான் வரும். புத்தகம், வரைபடம், பூதக்கண்ணாடி எல்லாம் போனிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட், அன்றைய மருந்து, பணம், போன் ஆகியவை உடம்போடு ஒட்டித் தொங்கும் சின்னப் பையில்.

“எதற்கும் இருக்கட்டும்” குவியல்

எல்லாம் எடுத்து வைத்த பிறகும் கட்டிலில் ஒரு குவியல் மிஞ்சும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது இல்லாமல் போனால் எனக்கு ஆபத்தா, அசௌகரியமா? ஆபத்து என்றால் பைக்குள். அசௌகரியம் என்றால் வீட்டில். அங்கே வாங்கிக்கொள்ளலாம், யாரிடமாவது கேட்கலாம், இல்லாமலும் இருந்து பார்க்கலாம். குடை, முடி உலர்த்தி, மூன்றாவது செருப்பு, விசேஷத்துக்கு ஒரு நல்ல உடை எல்லாம் இங்கேதான் கழியும். மனதுக்குத் தெம்பு தரும் பொருள் ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது என் பழைய தலையணை உறை. 90 கிராம். எந்த ஊர்க் கட்டிலும் அதை மாட்டியதும் எனக்குத் தூக்கம் வரும்.

கிளம்ப இரண்டு வாரம் முன்பு

பையைக் கட்டி முடித்து, வீட்டிலேயே ஒரு வாரம் அதிலிருந்து மட்டும் வாழுங்கள். அலமாரியைத் திறக்கக் கூடாது. துவைக்கும் சோப்பு, மாத்திரை, காலணி எல்லாம் பைக்குள் இருப்பதே. அலமாரிக்கு ஓட வேண்டி வந்தால் எதற்காக என்று எழுதி வையுங்கள்; அதுதான் நீங்கள் உண்மையில் மறந்த பொருள். ஒரு நாள் பையோடு அரை மணி நேரம் வெளியே நடந்து, ஒரு மாடி ஏறி இறங்கி வாருங்கள். மறுநாள் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். வலித்தால் இன்னும் அரை கிலோ குறைக்க வேண்டும்.

நடக்கச் சிரமம் உள்ளவர்கள் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவு செய்துவிடுங்கள். ஐரோப்பிய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அந்த அவகாசத்தை வைத்துக்கொள்வது நல்லது. மேல் தட்டில் பையை வைக்க உதவி கேட்கவும் தயங்காதீர்கள். பை 6 கிலோ என்றால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கையால் வைத்துவிடுவார்.

திரும்பி வந்ததும், பையைக் காலி செய்வதற்கு முன், ஒருமுறைகூடத் தொடாத பொருள்களை ஒரு தாளில் எழுதி, அதைப் பையின் உள்பையிலேயே போட்டுவிடுங்கள். முதலுதவிக்கான மருந்தும் மழை மேலங்கியும் தொடாமல் வந்தாலும் அடுத்த முறையும் வரட்டும். என் பையில் அப்படி மூன்று தாள்கள் இருக்கின்றன. முதல் தாளில் 19 பொருள், போன முறைத் தாளில் இரண்டு.